மேலே போன கூடுகள்

மூக்கன் மலையைப் பிடிக்க இரண்டு முறை போய், இரண்டு முறையும் முடியாமல் திரும்பியிருந்தார்கள். வரைபடத்தில் அதற்கு ஓர் எண் மட்டும்தான் உண்டு. உச்சியில் துருத்திக்கொண்டிருந்த பாறையைப் பார்த்து நம் ஆட்கள் வைத்த பெயர் மூக்கன். பாறைக்குக் கீழே மலையைக் குடைந்து, காங்கிரீட் போட்டு, எதிராளி பதுங்குகுழிகள் கட்டியிருந்தான். அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்குச் சாலை கடைசி வளைவு வரை தெரியும். அந்தச் சாலையில் எந்த வண்டி போனாலும் எரிந்தது.

ஹவில்தார் சேந்தன் குடியாத்தத்துக்காரன். முந்தைய இரண்டு தாக்குதலிலும் போனவன். மூன்றாவது முறைக்கு ஆட்களைத் தயார்படுத்திக்கொண்டிருந்தான். அவனுக்கு அடுத்த நிலையில் இருந்த நாயக் யூசுப், அறந்தாங்கிக்காரன், கூட்டின் முழங்கால் மூட்டில் ஒட்டியிருந்த பனியைத் தட்டியபடி முணுமுணுத்தான்.

"எந்திரத்த அனுப்ப வேண்டிய எடத்துக்கு நம்மள எதுக்குடா அனுப்புறானுக?"

"ஒப்பந்தம் போட்டிருக்காங்க இல்ல. உள்ள மனுசன் இல்லாத எதையும் சண்டைக்கு அனுப்பக் கூடாதுன்னு."

"நல்ல ஒப்பந்தம்டா. எந்திரம் மனுசன கொல்லக் கூடாதுன்னு சட்டம் போட்டுட்டு, எந்திரத்துக்குள்ளயே மனுசன வச்சுப் பூட்டிட்டானுக."

கூடு என்று அவர்கள் சொன்னது உடம்பின் மேல் மாட்டிக்கொள்ளும் எந்திரச் சட்டகத்தை. கழுத்திலிருந்து கணுக்கால் வரை உலோக எலும்புகள், இடுப்பிலும் முழங்காலிலும் மோட்டார்கள், நெஞ்சுக்கு ஒரு கவசம், தலைக்கு ஒரு கவசம். அதைப் போட்டுக்கொண்டால் முதுகில் இரண்டு ஆள் பாரத்தோடு செங்குத்தான சரிவிலும் ஏறலாம். ஆனால் வீரர்கள் அதை நேசித்ததற்குக் காரணம் வேறு. அணிந்தவன் நினைவிழந்துவிட்டால் கூடு தானாகத் திரும்பும். வந்த வழியிலேயே இறங்கி அவனை அடிவாரத்து மருத்துவக் கூடாரத்தில் கொண்டுவந்து படுக்கவைக்கும். செத்துப்போயிருந்தால் பிணத்தைக் கொண்டுவரும். இரண்டாவது தாக்குதலில் கழுத்தில் அடிபட்ட ஜெபின் அப்படித்தான் பிழைத்தான். தலை தொங்க, கைகள் தொங்க, வரிசையாகக் கூடுகள் பனியில் இறங்கி வருவதைக் கீழே இருந்தவர்கள் பார்த்தார்கள். இறங்கி வருகிறவனை எதிராளியும் பெரும்பாலும் சுடுவதில்லை.

கூடுகளைப் பராமரித்தவள் கேப்டன் ஷெரின். நாகர்கோவில்காரி. ஒவ்வொரு தாக்குதலுக்கு முன்னாலும் ஒவ்வொருவனுடைய கூட்டையும் தன் கையால் தட்டிப் பார்ப்பாள். அன்றும் வந்தாள். சேந்தனின் இடுப்புப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, "போயிட்டு வாங்க. நீங்க மறந்தாலும் இது வழிய மறக்காது," என்றாள்.

சூரியன் வருவதற்குச் சற்று முன் பீரங்கிகள் ஓய்ந்தன. ஏற ஆரம்பித்தார்கள்.

கால் பங்கு மலை வரை ஒன்றும் நடக்கவில்லை. அதுவே சேந்தனுக்குப் பிடிக்கவில்லை. பிறகு மூக்குக்குக் கீழே மூன்று இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் சுட ஆரம்பித்தார்கள். முன்னால் போன பிரிவு ஒரு நிமிடத்தில் இல்லாமல் போனது. பின்னால் வந்த கம்பெனி ஒரு பெரிய பாறைத் திட்டின் மறைவில் போய் ஒடுங்கியது. அங்கிருந்து மேலேயும் போக முடியாது, கீழேயும் இறங்க முடியாது. இரண்டு பக்கமும் வெட்டவெளி. சேந்தனின் ஆட்கள் திட்டுக்கு முன்னாலேயே அகப்பட்டுக்கொண்டார்கள். "இடப்பக்கம் போங்க! இடப்பக்கம்!" என்று கத்திக்கொண்டு அவன் எழுந்தபோது இரண்டு தொடைகளிலும் யாரோ கடப்பாரையால் அடித்தது போலிருந்தது. விழுந்தான். சற்றுத் தள்ளி யூசுப் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டதைப் பார்த்தான். கூடு சேந்தனின் கழுத்தில் ஊசி போட்டது. பனி சிவப்பாகிக்கொண்டே வந்ததுதான் அவனுக்குக் கடைசியாக நினைவிருந்தது.

விழித்தபோது நடந்துகொண்டிருந்தான்.

கால்கள் தூக்கித் தூக்கி வைக்கப்பட்டன. ஒவ்வோர் அடிக்கும் தொடைக்குள் உடைந்த எலும்புகள் ஒன்றோடொன்று உரசின. ஆனாலும் முதலில் அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடு திரும்பிவிட்டது. கூடாரம், கணப்பு, ஊசி. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தால் போதும்.

முகக்கவசக் கண்ணாடியில் பனி பூத்திருந்தது. அதன் மூலையில் கொஞ்சம் தெளிவாக இருந்த இடத்தில் பார்த்தான். எதிரே மூக்கன் தெரிந்தது. முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

இறங்கும்போது கூடு பின்னால் சாயும். இப்போது அது முன்னால் சாய்ந்திருந்தது.

"நில்!" என்று கத்தினான். "நில்லு! திரும்பு!" கூடு நிற்கவில்லை. அடிவாரத்தை அழைத்தான். காதில் ஒரு சத்தமும் இல்லை, இரைச்சல்கூட இல்லை. அந்தத் தொடர்பே அறுந்துபோயிருந்தது. பக்கத்துக் கூடுகளோடு பேசுகிற சிறு ரேடியோ மட்டும் உயிரோடிருந்தது. அதில் யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"சேந்தா."

"யூசுப்! எங்கடா இருக்கே?"

"உனக்கு எடது பக்கம். தலையத் திருப்ப முடியல. டேய், இது கீழ போகலடா. மேல போகுது."

"என்னுதும்தான். கெட்டுப்போச்சு போல."

"ரெண்டும் ஒண்ணாவாடா கெடும்?"

சேந்தன் கண்களை மட்டும் உருட்டி இரண்டு பக்கமும் பார்த்தான். சரிவு முழுக்கக் கூடுகள் ஏறிக்கொண்டிருந்தன. எல்லாவற்றிலும் தலைகள் தொங்கின. ஒன்றில் ஒரு கை இல்லை. ஒன்றில் முகக்கவசமே இல்லை, முகமும் இல்லை. அவை அவசரப்படாமல், ஒரே சீராக, சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களைப் போல ஏறின. மேலிருந்து சுட்டார்கள். குண்டு பட்டபோது கூடுகள் தடுமாறின, சில விழுந்தன, விழுந்தவை கையை ஊன்றி எழுந்து மறுபடி ஏறின. எதிராளியின் துப்பாக்கிகள் எல்லாம் பாறைத் திட்டை விட்டுவிட்டு இவர்கள் பக்கம் திரும்பியிருந்தன.

"இறக்கச் சொல்லுடா," என்றான் யூசுப். "நீதானே ஹவில்தார். சொல்லுடா அவனுகட்ட."

"சொல்லிக்கிட்டுதான்டா இருக்கேன். யாருக்கும் கேக்கல."

யூசுப் கூட்டைத் திட்டினான். அதைச் செய்தவனைத் திட்டினான். தண்ணீர் கேட்டான். பிறகு, "ஏதாவது பேசுடா, சும்மா இருக்காத," என்றான்.

சேந்தனுக்குக் குடும்பத்தைப் பற்றிப் பேசப் பயமாக இருந்தது. "நேத்து சோறு வேகவே இல்லைடா," என்றான். "பாதி அரிசியாவே இருந்துச்சு. சமையல்காரன நாலு சாத்து சாத்தணும்."

"உப்பும் இல்ல," என்றான் யூசுப்.

அதற்குப் பிறகு சேந்தன் என்னென்னவோ பேசிப் பார்த்தான். பதில் வரவில்லை. இடது பக்கத்தில் யூசுப்பின் கூடு மட்டும் அடி தவறாமல் கூடவே வந்தது.

உச்சிக்குப் போனபோது பதுங்குகுழித் துப்பாக்கிகளில் ஒன்று மட்டும் சுட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. ரவை தீர்ந்ததா, சுட்டவனின் மனம் தீர்ந்ததா என்று சேந்தனுக்குத் தெரியாது. துளையின் வழியாக ஒரு முகம் தெரிந்தது. மீசை சரியாக முளைக்காத பையன். வந்து நின்ற கூடுகளைப் பார்த்து அவன் சுவரோடு சுவராக ஒட்டி, இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டான். பாறைத் திட்டின் மறைவில் இருந்த கம்பெனி அப்போதுதான் பின்னாலிருந்து ஓடிவந்து, நின்றுகொண்டிருந்த கூடுகளுக்கு இடையே புகுந்து, பதுங்குகுழிகளுக்குள் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் மலை நம்முடையதாகிவிட்டது.

கூடுகள் மூக்குப் பாறையின் அடியில் வரிசையாக நின்றன. அங்கே நிற்கும்படிதான் அவற்றுக்குச் சொல்லியிருந்தது. பிணங்களைக் கழற்ற வந்த ஒருவன் சேந்தனின் கண்ணாடியைத் துடைத்தான்.

"இவன் கண்ணு தெறந்திருக்கு."

"செத்தவன் கண்ணு தெறந்துதான் இருக்கும்," என்றான் இன்னொருவன்.

சேந்தன் கண்ணைச் சிமிட்டினான். துடைத்தவன் அலறிக்கொண்டு பின்னால் விழுந்தான்.

சமவெளியிலிருந்த ராணுவ மருத்துவமனையில் அவனுடைய இரண்டு கால்களையும் எடுத்தார்கள். குண்டு பட்டபோதே எடுக்க வேண்டிய நிலையில் இருந்தனவா என்று டாக்டரைக் கேட்டான். "உடைஞ்ச எலும்போட அவ்வளவு தூரம் ஏறியிருக்கக் கூடாது," என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, அவன் தோளைத் தொட்டு, "உங்களை மாதிரி ஒரு வீரனுக்கு வைத்தியம் பார்த்தது எனக்குப் பெருமை," என்றார்.

செய்தித்தாள்களில் அவன் படம் வந்திருந்தது. கால் இரண்டும் சிதைந்த பிறகும் பின்வாங்காமல் சிகரம் தொட்டவன். கர்னல் நேரில் வந்து கை கொடுத்தார். பதக்கம் அறிவித்திருப்பதாகச் சொன்னார். குடியாத்தத்தில் பேருந்து நிலையத்துக்கு அருகே அவனுக்கு வளைவு கட்டப்போவதாக அவன் மனைவி மணிமொழி போனில் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள். அது என்ன அழுகை என்று அவனுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

ஒரு மதியம் கேப்டன் ஷெரின் வந்தாள். சீருடையில் வரவில்லை. சுடிதாரில் அவளை அவனுக்கு அடையாளமே தெரியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தாள்.

"கூடு கெட்டுப்போச்சா மேடம்?" என்று அவன்தான் ஆரம்பித்தான்.

"இல்ல. கெட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்." அவள் துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றினாள். "அந்தப் பாறைத் திட்டுக்குப் பின்னால ஒரு கம்பெனியே மாட்டிக்கிட்டு நின்னுச்சு. அடிபட்டவங்க கூடெல்லாம் திரும்பி எறங்க ஆரம்பிச்சது. கர்னல் என் கூடாரத்துக்கு வந்தார். செத்தவனோட கூடும் கீழதானே வருது, அத மேல அனுப்ப முடியுமான்னு கேட்டார். மேல அனுப்பினா சுடுதவன் அங்க திரும்புவான், மாட்டிக்கிட்டவங்க தப்பிப்பாங்கன்னார். ஒப்பந்தத்துல உள்ள மனுசன் இருக்கணும்னுதான் இருக்கு, உயிரோட இருக்கணும்னு எழுதலன்னார்."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். அவருக்கு அதப் பத்தி ஒண்ணும் தெரியாது. முடியும்னு சொன்னேன்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ தள்ளுவண்டியில் உணவுப் பாத்திரங்களைக் கொண்டுபோனார்கள்.

"செத்தவங்கள மட்டும்தான் அனுப்பறோம்னு நெனச்சீங்க," என்றான் சேந்தன். அவளுக்காக அவன் தேடி எடுத்த வார்த்தை அது.

அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை. "நாடி இல்லாதவங்கள மட்டும் மேல அனுப்புன்னு மாத்தினேன். திரையில நீங்க செத்துட்டீங்க சேந்தன். உங்க பேருக்கு நேரே நாடி இல்ல. கூடு நாடி பாக்கது மணிக்கட்டில. ரத்தம் நெறைய போய், குளிரும் சேந்தா கைக்கு ரத்தமே வராது. அப்ப அது தப்பாக் காட்டும். எனக்கு அது முன்னமே தெரியும். எப்படியும் கீழதானே கொண்டு வரப்போகுது, உசிரு இருந்தா என்ன, இல்லாட்டா என்னன்னு சரி பண்ணாம விட்டிருந்தேன். அன்னைக்கு மேல அனுப்பும்போது அது ஞாபகம் வந்துச்சு. ஞாபகம் வந்த பெறகுதான் அமுத்தினேன்."

"அந்தக் கம்பெனி?"

"எல்லாரும் பொழச்சிட்டாங்க. அதான் இப்ப பெரிய சேதி. எல்லாக் கூட்டிலயும் இதையே வழக்கமாக்கப் போறாங்க. நான் எதிர்த்து எழுதியிருக்கேன். விசாரணை வைக்கச் சம்மதிச்சிருக்காங்க. ஆனா நான் சொல்லுதது வெறும் கணக்குதான். உங்களுக்கு மட்டும்தான் நாடி தப்பாப்போச்சு, ஆயிரத்துல ஒண்ணுன்னு சொல்லிருவாங்க." அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "வேற யாராவது உசிரோட இருந்தாங்களா?"

சேந்தன் சுவரைப் பார்த்தான். அவள் கேட்டது விசாரணைக்காக மட்டுமல்ல என்று அவனுக்குத் தெரிந்தது. இல்லை என்று சொன்னால் அவள் இன்றிரவு தூங்குவாள்.

"ஒருத்தர பாத்துட்டு வந்து சொல்றேன் மேடம்," என்றான்.

அவள் முகம் வெளுத்தது. யார் என்று கேட்கவில்லை. எழுந்து போனாள்.

செயற்கைக் கால்களில் நிற்கப் பழகியதும் சேந்தன் அறந்தாங்கிக்குப் போனான். மணிமொழியைக் கூட வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். யூசுப்பின் மனைவி ஹாஜரா தாய்வீட்டு மாடியில் இருந்தாள். கணவன் இறந்தபின் வெளியே வராமல் இருக்கும் இத்தாக் காலம் முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அவளுடைய அண்ணன் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஹாஜரா தேநீர் கொடுத்தாள். அவன் படிக்கட்டு ஏறி வந்ததற்காக வருத்தப்பட்டாள்.

"கீழயே இருந்து கூப்புட்டிருக்கலாமேண்ணே. இந்தக் காலோட ஏறி வந்திருக்கீக."

"பரவால்லம்மா. பழகணும் இல்ல."

"அவுக குண்டு பட்டதுமே மவுத்தாயிட்டாகன்னு ஆபீசர் வந்து சொன்னாக. ஒரு வலியும் தெரிஞ்சிருக்காதுன்னாக. அத நெனச்சுத்தாண்ணே நான் கொஞ்சம் தேறிக் கெடக்கேன்."

குடியாத்தத்திலிருந்து வரும்வரை மனதில் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததெல்லாம் சேந்தனுக்கு அந்த இடத்தில் உதவவில்லை. தேநீரைக் கீழே வைத்தான். பார்த்ததை, கேட்டதை, நடந்த வரிசையிலேயே சொன்னான். கதவருகே இருந்த அண்ணன் பாதியில் எழுந்து, "எதுக்குய்யா இதெல்லாம் இப்ப?" என்றார். ஹாஜரா கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னாள்.

முடித்ததும் கேட்டாள். "கடைசியா என்ன சொன்னாக?"

"நேத்து சோறு வேகலன்னு நான் சொன்னேன். உப்பும் இல்லன்னான். அவ்ளோதாம்மா. அதுக்கப்புறம் பேசல."

"என்னயப் பத்தி?"

பொய் சொல்ல அது நல்ல இடம். சேந்தன் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். இல்லை என்று தலையை ஆட்டினான்.

அவள் அவனுடைய தேநீரைத் தள்ளி வைத்தாள். அழவில்லை. "இத இன்னும் யாருகிட்ட சொல்லணும் நீங்க?"

"விசாரணை ஒண்ணு வைக்கறாங்க. நான் சொன்னா, இனி யாரையும் இப்படி அனுப்ப மாட்டாங்க. ஆனா அவன் பேர சொல்லணும். பேப்பர்ல வரும். அதான் ஒன்ன கேக்க வந்தேன்."

"போய்ச் சொல்லுங்க," என்றாள். "அவுக பேரச் சொல்லியே சொல்லுங்க. ஆனா இனிமே இங்க வராதீகண்ணே. ஒங்களப் பாத்தா எனக்கு அந்த மலைதான் தெரியும்."

இறங்கும்போது அண்ணன் அவன் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கிவிட்டார். வாசலில் விட்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

விசாரணை தலைநகரில் நடந்தது. தலைமை தாங்கியவர் ஓய்வுபெற்ற பெண் நீதிபதி. இரண்டு பக்கமும் ஜெனரல்கள். தன்னை யாரும் பேசவிட மாட்டார்கள் என்று சேந்தன் எதிர்பார்த்திருந்தான். அப்படி நடக்கவில்லை. அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். யூசுப் தண்ணீர் கேட்டதைச் சொன்னபோது ஒரு ஜெனரல் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். எல்லாம் கேட்டபின் நீதிபதி, "அந்த நேரத்தில் நீங்கள் விழித்திருந்து, உங்களிடம் கேட்டிருந்தால், மேலே போகச் சம்மதித்திருப்பீர்களா?" என்று கேட்டார்.

சேந்தன் யோசித்தான். பாறைத் திட்டுக்குப் பின்னால் இருந்தவர்களில் பலரை அவனுக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

"தெரியலம்மா," என்றான். "சம்மதிச்சிருந்தாலும் சம்மதிச்சிருப்பேன். கேக்கல."

கர்னல் சாட்சி சொன்னபோது, முடியுமா என்றுதான் கேட்டதாகவும், செய் என்று தான் சொல்லவில்லை என்றும் சொன்னார். அது உண்மைதான் என்று ஷெரினும் ஒப்புக்கொண்டாள். அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். கர்னல் அந்த வருடமே முழு மரியாதையோடு ஓய்வு பெற்றார்.

ஆனால் தீர்ப்பு வந்தபோது சேந்தனும் ஷெரினும் கேட்டது கிடைத்தது போலத்தான் இருந்தது. இனி எந்த வீரனின் கூட்டையும் அவனுடைய சம்மதம் இல்லாமல் மேலே அனுப்பக் கூடாது. நாடி பார்ப்பதைக் கழுத்துக்கு மாற்ற வேண்டும். விழுந்தால் தன் கூடு மேலே போக வேண்டுமா கீழே வர வேண்டுமா என்பதை, தாக்குதலுக்கு முன் வீரனே முடிவு செய்வான். அதற்கு நெஞ்சுக் கவசத்தில் ஒரு விசை வைக்கப்படும். அதை அவனைத் தவிர யாரும் தொடக் கூடாது.

ஷெரின் போன் செய்தாள். நாகர்கோவிலில் ஒரு பாலிடெக்னிக்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். "ஜெயிச்சிட்டோம் இல்லையா சேந்தன்?" என்றாள்.

"ஆமா மேடம்."

"அப்படித்தானே?"

"அப்படித்தான் மேடம்," என்றான். இரண்டாவது முறை ஏன் கேட்டாள் என்று போனை வைத்த பிறகுதான் யோசித்தான்.

குளிர்காலத்தில் பேச்சுவார்த்தை நடந்தது. மூக்கன் மலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குப் பதிலாக எங்கோ ஓர் ஆற்றின் கரையை வாங்கிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு பனி உருக ஆரம்பித்தபோது பேச்சு முறிந்தது. பள்ளத்தாக்குச் சாலையில் மறுபடி வண்டிகள் எரிந்தன.

சேந்தன் அப்போது பயிற்சி மையத்தில் இருந்தான். புது விசையைப் பற்றி எடுத்துச் சொல்ல அவனைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்று அவனையே அடிவார முகாமுக்கு அனுப்பினார்கள். அதே இடத்தில் அதே கூடாரங்கள். மேலே அதே மூக்கு.

ஆட்களை வரிசையாக நிறுத்தி அவன் சொன்னான். "இந்த விசை உங்களுது. மேலே தள்ளினா, நீங்க விழுந்தா கூடு மேல போவும். கீழே தள்ளினா வீட்டுக்குக் கொண்டாரும். ரெண்டுல எதுன்னாலும் தப்பில்ல. யாரும் உங்கள ஒண்ணும் கேக்கக் கூடாது. ஜெபினுக்குக் கழுத்துல பட்டுச்சு. கூடு கீழ வந்ததாலதான் இன்னைக்கு அவன் புள்ளைய ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறான். அதையும் நெனச்சுக்கோங்க."

புது கர்னல் சின்ன வயதுக்காரர், நல்ல மனிதர். "யாருக்கும் கட்டாயம் இல்லை. உங்கள் மனம் சொல்வதைச் செய்யுங்கள்," என்று அவரும் சொன்னார்.

எது எந்தப் பக்கம் இருக்கிறது என்று மருத்துவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக விசைக்கு மேலே ஒரு சிறு விளக்கு வைத்திருந்தார்கள். கீழே என்றால் பச்சை. மேலே என்றால் மஞ்சள். விடியற்காலை மங்கலில் அது இருபதடி தூரத்துக்குத் தெரிந்தது. அந்த விளக்கைப் பற்றி விசாரணையில் யாரும் பேசவில்லை.

முதல் ஆள் விசையைத் தொட்டான். மஞ்சள். அவனுக்கு அடுத்தவன் அவன் நெஞ்சைப் பார்த்துவிட்டுத் தன்னுடையதைத் தள்ளினான். மஞ்சள். வரிசையில் ஒவ்வொருவனும் பக்கத்தில் இருப்பவனின் நெஞ்சைப் பார்த்தான். சின்னச் சின்னச் சத்தமாக விசைகள் நகர்ந்தன. மஞ்சள் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையின் கோடி வரை போயின.

நடுவில் ஒன்று மட்டும் பச்சையாக நின்றது. நாயக் பரணி. தேன்கனிக்கோட்டைக்காரன். ஐந்து வயதிலும் இரண்டு வயதிலும் பெண் குழந்தைகள். இரண்டு பக்கமும் தலைகள் திரும்பின. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று சொல்லியிருந்தது. பார்த்தார்கள், அவ்வளவுதான்.

சேந்தன் செயற்கைக் கால்களில் பனியை மிதித்து நடந்து போனான். பரணியின் முன்னால், முகத்துக்கு முகம் நின்றான். சேந்தனின் உடம்பு அகலம். நெருங்கி நின்றால் வரிசையில் இருப்பவர்களுக்கு விளக்கு தெரியாது. தலைக்கவசத்தின் பூட்டைச் சரிசெய்வது போலக் கையைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"மாத்தாத," என்றான் மெதுவாக.

"சரிண்ணே." பரணியின் உதடு குளிரில் வெடித்திருந்தது. "அண்ணே, ஒண்ணு கேக்கட்டா? அன்னைக்கு நீங்க மேல போனீங்க இல்ல. நீங்களாவே போனதா?"

"இல்லப்பா. என்கிட்ட யாரும் கேக்கல."

வரிசையில் பக்கத்தில் நின்றவன் லேசாகச் சிரித்தான். பெரிய மனிதர்கள் தங்களைப் பற்றி அப்படித்தான் சொல்வார்கள் என்கிற சிரிப்பு. பரணி சிரிக்கவில்லை. சேந்தனையே பார்த்தான். நம்பினான் என்றுதான் சேந்தனுக்குத் தோன்றியது.

"கேட்டிருந்தா?" என்றான் பரணி.

சேந்தன் பதில் சொல்வதற்குள் விசில் ஒலித்தது. அவன் பூட்டிலிருந்து கையை எடுத்தான். "ஒம் பொண்ணுங்க பேரு இன்னா?" என்று கேட்டான். பரணி சொன்னான். வரிசை அசைய ஆரம்பித்தது. சேந்தன் வழிவிட்டு ஒதுங்கினான்.

கூடுகள் அவனைத் தாண்டி ஒவ்வொன்றாகப் பனிச்சரிவை நோக்கிப் போயின. பரணி கடந்தபோது சேந்தன் அவன் நெஞ்சைப் பார்த்தான்.

விளக்கு மஞ்சளாக இருந்தது.